ஆற்றைப் பற்றி மட்டும்

பெரியமடு
7.10.2018

யேசு மரி சூசை துணை

அன்புள்ள மருமகள் பிரான்சிஸ்கா அறிவது,

உன் மாமன் எமிலியானுஸ் உயிரோடும் திடத்தோடும்தான் இருக்கிறேன். நீ போனை எடுக்கிறாய் இல்லை. என் இலக்கத்தை உன் மனுசன் பெனடிக்ற் அடைத்து வைத்திருக்கிறானாம். அடைக்கட்டும். பேனையை அவனால் அடைக்க முடியுமா? பஸ் கொண்டக்டர் வஸீரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். "என்ன மாமா, இந்தக் காலத்தில கடிதமோ? ஆருக்கோ காதல் கீதலோ?" என்று பல்லைக் காட்டினான். "அரசாங்க அலுவல், கையைத் துடைச்சுப்போட்டுப் பிடி" என்றேன். பயந்துபோய்ச் சட்டையில் துடைத்தான்.

போன வருடம் உன் மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய விருந்தில் நான் சொன்னதில் என்ன பிழை? அன்று விடிய ஆற்றுவாய் முழுக்க மீன் தானாக மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. சனம் அந்தோனியார் தந்த மீன் என்று கடகம் கடகமாக அள்ளியது. நான் கதிரையில் ஏறி நின்று, "அந்தோனியார் இல்லை, நான் தந்தது! என்ட வயலுக்குப் போட்ட உரம் ஆற்றோட வந்து உங்கட கடலையும் விளைய வைக்குது" என்றேன். சபை எழும்பி நின்று கைதட்டியது. மறுநாள் தண்ணீருக்குள் கம்பு வேலி கட்டி நீங்கள் வளர்க்கிற பட்டியில் நண்டெல்லாம் செத்துக் கிடந்தால் அதற்கு நானா பொறுப்பு? அதற்காகப் பெனடிக்ற் ஊர் நடுவில், "கடலில கால் வைச்சாலே சத்தி எடுத்த மனிசன் கடலைப் பற்றிக் கதைக்க வந்திட்டார்" என்று சொல்லலாமா? ஒரே ஒருமுறைதான் வாந்தி எடுத்தேன். அதுவும் திமிங்கிலத்தின் மூச்சு நாற்றம் தாங்காமல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமன் இப்போது கமக்காரர் அமைப்பின் தலைவர். ஒரு சனம் எதிர்க்கவில்லை. ஆற்றைச் சுத்தமாக வைக்கப் புதுத் திட்டம் வந்திருக்கிறது. அரசாங்கக் கந்தோரில் கூட்டம் வைத்து விவசாய உத்தியோகத்தர் சரவணமுத்து விளக்கினார். அவர் சொன்னது பாதி, நான் விளக்கியது பாதி. ஆற்றின் இரு கரையிலும் நான்கு பாகம், அதாவது நான்கு ஆள் கை விரித்து நிற்கிற அகலத்துக்குப் பயிர் செய்யாமல் நாணலும் வெட்டிவேரும் நட வேண்டும். வயலால் கழுவி வரும் உரத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மானிய உரத்தை ஒரேயடியாக எடுக்காமல் மூன்று தரமாக எடுக்க வேண்டும். மழை இருட்டினால் உரம் எறியக் கூடாது. ஆற்றங்கரையில் நிற்கிற எங்கள் உரக் கொட்டிலை மேட்டு வளவுக்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் நடந்தது என்று ஆற்றுவாய்ச் சனம் கையெழுத்து வைத்தால்தான் எங்களுக்கு உரம் இறங்கும். உங்கள் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டியது நண்டுப் பட்டி மாதர் சங்கச் செயலாளராம். விசாரித்தேன். அது நீதானாம்.

கர்த்தருடைய வழிகளைப் பார்த்தாயா?

மாமா எமிலியானுஸ்
(தலைவர்)

*

விடத்தல்தீவு
12.10.2018

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெனடிக்ற் பட்டி வேலிக்குக் கம்பு வெட்டப் போயிருக்கிற நேரத்தில் எழுதுகிறேன்.

மாமா, அந்த மீன் விளைந்து வந்த மீன் இல்லை. சரவணமுத்து ஐயா எங்களுக்கும் வகுப்பு எடுத்தவர். உரம் வந்து தேங்கி வெயிலும் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும். பாசி அழுகினால் தண்ணீருக்குள் மூச்சு இல்லாமல் போகும். மீன் மேலே வந்தது மூச்சுக்கு. நாங்கள் அதைப் பார்த்துக் கைதட்டினோம்.

மறுநாள் விடிய நான்தான் முதலில் பட்டிக்குப் போனேன். நண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வேலிக் கம்புகளில் தொங்கிக்கொண்டு இருந்தன. தண்ணீரில் வாழ்கிற பிராணி தண்ணீருக்குப் பயந்து மேலே ஏறியதை அன்றுதான் கண்டேன். மேலே இடம் கிடைக்காதவை அடியில் செத்துக் கிடந்தன. சத்தமே இல்லை. இப்போதும் நித்திரையில் அந்தக் கம்புகள் வரும்.

இந்த வருடம் திரும்பவும் சேற்று நண்டு விட்டிருக்கிறோம். சங்கத்தில் இருக்கிற ஒருத்திக்கும் வேறு பிழைப்பு இல்லை. இந்த முறையும் செத்தால் பட்டியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். பெனடிக்ற் கட்டாருக்கு வேலைக்குப் போக ஏஜென்சியில் படம் கொடுத்து வைத்திருக்கிறார். நண்டு பிழைத்தால் நிற்பார். செத்தால் போவார்.

அதனால் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கரையில் உண்மையாகவே நட்டாச்சா? கொட்டில் மேட்டுக்கு மாறியாச்சா? நான் வந்து பார்க்கலாம், ஆனால் அந்த மனுசன் பெரியமடுப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று நிற்கிறார். நீங்கள் எழுதுவதைத்தான் நான் நம்ப வேண்டும்.

பிரான்சிஸ்கா

*

பெரியமடு
20.10.2018

அன்பு மருமகளே,

கோபமா? எனக்கா? வாய்விட்டுச் சிரித்தேன். கொட்டில் மாறியாச்சு மகளே, மாறியாச்சு! மேட்டு வளவில் மூலைக்கு மூலை சீமெந்துத் தூண் போட்டு, நோவாவின் பெட்டகம் மாதிரி நிற்கிறது. ஜலப்பிரளயம் வந்தாலும் அதற்குள் இருக்கிற உரத்தில் ஒரு மணி நனையாது. இரண்டு வெள்ளைக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய நாட்டிலும் இப்படி ஒன்று கட்டப் போகிறார்களாம்.

கரையைப் பற்றிக் கேட்காதே. நாணல் ஆனை மறைகிற உயரம். சரவணமுத்து ஜீப்பை நிற்பாட்டிப் பார்த்தார். அசந்துபோய் இறங்கவே மறந்துவிட்டார். "தலைவர், நீங்கள் படித்திருந்தால் எங்கே இருந்திருப்பீர்கள்!" என்றார். "உங்கட கதிரையில்" என்றேன். நீ அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற பக்கத்து வயல்காரர் ஆதம்பாவாவை உனக்குத் தெரியும்தானே, சொர்க்கத்துக்குப் போனாலும் கதவு கிறீச்சிடுது என்று சொல்கிற மனிதர். அவர் என் காதுக்குள், "தலைவர், ஜீப் நிக்கிற இடத்தில மட்டும் நட்டாப் போதுமோ?" என்றார். பகிடிக்காரன். விட்டுத்தள்ளு.

விதைத்து முடிந்தது. பயிர் உரத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. உன் தாய், என் அக்கா றஞ்சிதம், சாகும்போது என் கையைப் பிடித்து, "என்ட பிள்ளைக்கு நீதான் தம்பி" என்றவ. அந்தக் கையால் எழுதுகிறேன்.

மாமா

*

விடத்தல்தீவு
4.11.2018

மாமாவுக்கு,

கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். ஆனை மறைகிற நாணல் என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். லூசியா அக்கா, "ஆனை இல்லாட்டியும் ஆடு மறைஞ்சாப் போதும்" என்றா. ஆனாலும் சீமெந்துத் தூண் என்றதும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. லூசியா அக்கா மற்றவர்களைவிடக் கூடுதலாக நண்டு விட்டிருக்கிறா. நான் வாசித்ததைக் கேட்டு, பிறகும் கொஞ்சம் வாங்கி விட்டா.

ஆதம்பாவா காக்கா ஏன் அப்படிக் கேட்டார், மாமா? அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். கையெழுத்து வைக்கும்போதும் அதுதான் மனதில் நின்றது. நான் வைக்காவிட்டால் உங்கள் ஊர்ச் சனத்துக்கு உரம் இல்லை, அங்கேயும் அடுப்பெரிய வேண்டும் என்று நினைத்து வைத்தேன்.

நேற்று வஸீர் இன்னொன்று சொன்னான். உரம் ஒரே நாளில் லொறி லொறியாக வந்து இறங்கியதாம். மூன்று தரம் என்றல்லவா எழுதியிருந்தீர்கள்?

இங்கே மழை கொண்டு வருகிற வாடைக்காற்று பிடித்துவிட்டது. வானத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பிரான்சிஸ்கா

*

பெரியமடு
18.11.2018

அன்பு மருமகளே,

வஸீர் ரிக்கெற் கிழிக்கிற வேலையைப் பார்க்கட்டும்.

நடந்ததைக் கேள். சரவணமுத்து, "தலைவர், விதிப்படி மூன்று தரமாகத்தான் தரலாம். ஒரேயடியாக வைக்க உங்களிடம் பாதுகாப்பான இடம் இல்லையே" என்று சபைக்கு முன்னால் சொன்னார். இடம் இல்லையாம்! யாரிடம்? எழும்பி நின்று, "இந்த மாவட்டத்திலேயே பெரிய கொட்டில் எங்கட. முழுதையும் இண்டைக்கே இறக்குங்கோ, ஒவ்வொரு மூட்டைக்கும் நான் பொறுப்பு" என்றேன். சபை அதிர்ந்தது. அவரும் பேனையை எடுத்து எழுதிவிட்டார். முகட்டைத் தொடும்வரை அடுக்கி வைத்திருக்கிறது. பார்க்கக் கோயில் பீடம் மாதிரி.

மழை பெய்கிறது. நல்ல மழைதான். ஆறு கொஞ்சம் கலங்கி ஓடுகிறது. நான் கரையில் ஒரு கம்பு நட்டு வைத்திருக்கிறேன். ஆறு அந்தக் கம்புக்கு மரியாதை தந்து அப்பால் போகிறது. நேற்று மட்டும் கம்பைக் காணவில்லை. மாடு இடித்திருக்கும். வேறொன்று கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டேன்.

ஆதம்பாவா காலையும் மாலையும் வந்து, "தலைவர், உழவு மெசின் பிடிச்சு ஏத்துவம், இன்னும் நேரமிருக்கு" என்று தொணதொணக்கிறார். எதை ஏற்றுவது என்று நீ கேட்காதே, அது வேறு அலுவல். ஊரைக் கூட்டினால் தலைவருக்குப் பயம் என்று கதை வராதா? நான் பயப்படவில்லை. சாப்பாடுதான் கொஞ்சம் இறங்குதில்லை. ஆறு போடுகிற சத்தம் இப்போது வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. இரவில் இரண்டு தரம் எழும்பிப் போய்க் கம்பைத் தடவிப் பார்த்தேன்.

ஆனால் நான் திடமாக இருக்கிறேன். நேற்றுக்கூட ஒரு மலைப்பாம்பைக் கையால்

இல்லை, அதைப் பிறகு எழுதுகிறேன். வஸீர் ஹோர்ன் அடிக்கிறான்.

மாமா

*

விடத்தல்தீவு
29.11.2018

மாமா,

இது ஒரே ஒரு கேள்வி.

பாலத்தடியால் வரும்போது ஆற்றங்கரையில் ஒரு பெரிய தகரக் கூரை தெரிகிறது என்கிறான் வஸீர். தண்ணீர் அதன் கதவடிக்கு வந்துவிட்டதாம். அது பழைய கொட்டில்தானே? வெறும் கொட்டில்தானே? உரமெல்லாம் மேட்டு வளவில்தானே இருக்கிறது?

அம்மாவின் பேரில் கேட்கிறேன். வெள்ளைக்காரர் வேண்டாம், பாம்பு வேண்டாம். ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கோ. பெனடிக்ற் பார்த்தாலும் பரவாயில்லை. போனை எடுத்து நானே இரண்டு தரம் அடித்தேன். உங்கள் பக்கம் சிக்னல் இல்லை.

பிரான்சிஸ்கா

*

3.12.2018

பிரான்சிஸ்கா,

கொட்டில் மாறவில்லை. ஆற்றங்கரையில்தான் நின்றது. நேற்றுப் பின்னேரம் ஆறு கொண்டு போய்விட்டது. பாதிதான் எடுத்தோம். மிச்சம் உங்கள் பக்கம் வருகிறது. மழை விட்டு வெயில் பிடிக்க முன் நண்டை எடு.

எமிலியானுஸ்

*

விடத்தல்தீவு
16.12.2018

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்ததால் பஸ் அங்காலேயே நின்றுவிட்டது. வஸீர் கடிதத்தைத் தொப்பிக்குள் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து கொண்டுவந்தான். கையில் தந்தபோது அவனுடைய பகிடி ஒன்றும் இல்லை. "உள்ள என்ன இருக்கெண்டு தெரியாது ராத்தா. ஆனா மாமா இண்டைக்கு என்னோட ஒண்டும் கதைக்கேல்ல" என்றான்.

உங்கள் உறைகள் எப்போதும் வயிறு வெடிக்கிற மாதிரித் தடித்திருக்கும். இதைப் பிடித்தபோது வெறும் உறை என்றுதான் நினைத்தேன். பிரித்தேன். வாசிக்க முன்பே பெனடிக்ற்றைக் கூப்பிட்டுவிட்டேன், மாமா. கொஞ்ச வரிதான் என்று கண்ட உடனேயே.

பெனடிக்ற் பறித்து வாசித்துவிட்டு, "இதுவும் புளுகு. முந்திப் பெருமைக்குப் புளுகினவர், இப்ப பயப்படுத்தப் புளுகிறார்" என்றார். நான் சொன்னேன்: "மாமா புளுகினா நாலு பக்கம் எழுதுவார். இதில திமிங்கிலம் எங்க? வெள்ளைக்காரன் எங்க? மாமா எண்டு கூடப் போடேல்ல, பாருங்கோ." அந்த மனுசன் திரும்பவும் ஒருமுறை வாசித்தார். பிறகு சாக்குகளை எடுத்துக்கொண்டு பட்டிக்கு இறங்கினார்.

அந்த மழைக்குள் எல்லோரும் இறங்கி நண்டைப் பிடித்துக் கால் கட்டினோம். ஈரச் சாக்குக்குள் இருந்தால் சேற்று நண்டு சில நாள் தாங்கும். அலுமாரிக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, மாதா படத்துக்கு முன்னால் எல்லாம் நண்டுச் சாக்கு. நாள் முழுக்கச் சாக்குக்குள் இருந்து சரசரவென்று சத்தம். போன வருடம் சத்தம் இல்லாததற்குப் பயந்தேன். இந்த முறை அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டு படுத்திருந்தேன். மேல் ஓடு கழற்றி மெத்தென்று இருந்த நண்டுகளைத் தொட முடியவில்லை. அவை போயின.

லூசியா அக்கா எடுக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று கெஞ்சினேன். "பிள்ள, சீமெந்துத் தூண் எண்டு நீதானே வாசிச்சனி? இப்ப ஆறு கொண்டு போயிட்டுது எண்டும் நீதானே வாசிக்கிற. நான் எந்தக் கடிதத்தை நம்புறது?" என்றா.

பிறகு மழை விட்டது. பளிச்சென்று வெயில். ஊரெல்லாம் சந்தோசமாகத் துணி காயப்போட்டது. நான் அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தண்ணீர் கண்ணுக்கு முன்னாலேயே பச்சை பிடித்தது. முதலில் கரையோரம், பிறகு ஓடை முழுக்க, பெயின்ற் ஊற்றியது மாதிரி. ஒரு விடியற்காலை மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது. பிள்ளைகள் கடகத்தோடு ஓடிவந்தார்கள். நான் கத்தின கத்தலில் என் மகள் அழுதுவிட்டாள். இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. லூசியா அக்காவின் பட்டிக் கம்புகளில் நண்டு ஏறியிருந்தது. அவ கரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தா. என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

எங்களுடையதைப் பெனடிக்ற் வள்ளத்தில் ஏற்றிக் கண்டல் காட்டுக்கு வெளியே, கடல் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் புதுவேலி போட்டு விட்டார். இதுவரை உயிரோடு இருக்கின்றன. ஏஜென்சியில் கொடுத்த படத்தை இன்னும் அவர் திருப்பி எடுக்கவில்லை. எடுப்பாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று சரவணமுத்து ஐயா வந்தார். இனி நான் கடிதத்தை நம்பிக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர், உங்கள் பக்கத்தில் இரண்டு பேர், மாதா மாதம் கரை முழுவதும் கால்நடையாக நடந்து பார்த்த பிறகுதான் அடுத்த தரம் உரம் இறங்க வேண்டும். லூசியா அக்காவும் நடப்பா. ஜீப்பில் இருந்து பார்த்தது போதும் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

உங்களைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். வஸீர் சொன்னான். நீங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று மூட்டை தூக்கியதையும் சொன்னான். மீட்ட மூட்டைகளை உங்கள் வீட்டுக்குள் அடுக்கிவிட்டு, வெளி விறாந்தையில் சீலையைப் போர்த்திக்கொண்டு இருமியபடி படுத்திருக்கிறீர்களாம். ஆதம்பாவா காக்கா கஞ்சி கொண்டுவந்தால் குடிப்பீர்களாம், கதைக்க மாட்டீர்களாம். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு வேறு பயம் பிடித்திருக்கிறது. பெனடிக்ற்கூட, "அந்த மனிசன் புளுகாம இருக்கிறது நல்லதுக்கில்ல" என்றார். உங்கள் இலக்கத்தையும் திறந்துவிட்டார்.

எனக்குக் கோபம் இருக்கிறது, மாமா. லூசியா அக்காவைக் காணும் ஒவ்வொரு முறையும் இருக்கும். ஆனால் உங்களிடமிருந்து இன்னொரு மெல்லிய உறை வந்தால் என்னால் பிரிக்க ஏலாது. நீளமாக எழுதுங்கோ. ஆற்றைப் பற்றி மட்டும் உண்மை எழுதுங்கோ. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

மருமகள் பிரான்சிஸ்கா

*

பெரியமடு
20.12.2018

அன்பு மருமகளே,

முதலில் ஆறு. தண்ணீர் வடிந்துவிட்டது. கொட்டில் நின்ற இடத்தில் பள்ளம். கரை ஓரிடத்தில் வெடித்திருக்கிறது. நாணல் ஜீப் நிற்கிற இடத்தில் மட்டும்தான் இருந்தது, அதுவும் என் முழங்காலுக்கு வராது. இப்போது மற்ற இடத்திலும் நடுகிறோம். வேர் பிடிக்க முன் இன்னொரு மழை வந்தால் நிற்காது. தெற்கே கறுத்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கிற மூட்டைகள் எல்லாம் நனையாமல் இருக்கின்றன, நேற்றும் தடவிப் பார்த்தேன். லூசியாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கரை நடக்க அவ வரும் நாளில், முன்னால் நின்று நானே காட்டுவேன். நட்ட இடத்தையும் காட்டுவேன், நடாத இடத்தையும் காட்டுவேன்.

ஆறு முடிந்தது.

இனி மற்றது. கொட்டில் இடிந்த அன்று நான் கடைசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புகிறேன், கதவடியில் ஒரு முதலை. வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. ஆதம்பாவா அலறுகிறார். நான் அலறவில்லை. "தள்ளிப்போ, இது அரசாங்க உரம்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டது, மகளே. நாலு பாகம் நீளம்.

சரி, மூன்று.

மாமா எமிலியானுஸ்